செல்வராசு துண்டு போட்டிருந்தான்

போன வாரம் எங்கள் டிப்போவில் புதுக் கொட்டகை திறந்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒரு சால்வை, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் காப்பி. விழா முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு என்றார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வகுப்பெடுத்த இளம் இன்ஜினீயர் நல்ல பையன்தான், பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவன். "இதே டிப்போவில் ஒருவர் துண்டு போட மறந்துபோனார். பெயர் செல்வராசு. அந்த மறதிக்கு விலை அவருடைய உயிர். நீங்கள் யாரும் இன்னொரு செல்வராசு ஆகிவிடக் கூடாது" என்றான். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஒருவன் எழுதிக்கூட வைத்துக்கொண்டான்.

சுவர் ஓரத்தில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். டிப்போவில் ஹெல்பர். செல்வராசுவின் மனைவி. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வருஷா வருஷம் கேட்டுப் பழகிப்போன முகம் அது. எனக்குத்தான் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது இரண்டு பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, டிப்போவோட பழைய கதையெல்லாம் எழுதிக் குடுங்க. விழா மலர்ல போடுறோம்" என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் இதைத்தான் எழுதுவேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு ஊர் உடையார்பாளையம் பக்கம். முந்திரிக் காட்டுக்குள் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு அப்பா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். ரயில்வே பரீட்சை எழுதினேன், திருச்சியில் பயிற்சி, அப்புறம் வெளியூர்களில் கொஞ்ச காலம். கடைசியில் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்காகப் போட்ட இந்த வேகன் டிப்போவுக்கு வந்து சேர்ந்தேன். பெண் எடுத்தது பெரம்பலூரில். மாமனார் வீட்டில், "எங்க ஊருல தண்டவாளமே கெடையாது, மாப்பிள்ளைக்கு மட்டும் ரயிலு வேலை" என்று சாகிற வரைக்கும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் டிப்போவில் பயணிகள் வண்டி கிடையாது. சிமெண்ட் ஏற்றும் மூடிய வேகன்கள்தான். நிற்கிற இடமெல்லாம் சாம்பல் நிறத் தூசி. அது மூக்கில் ஏறும், சோற்றில் விழும். மழை பெய்தால் கதவுக் கீலில் கல்லாக உறைந்துவிடும். உளியை வைத்து அடித்தால்தான் கதவு அசையும். பழுதான வேகன்களை வண்டியிலிருந்து கழற்றித் தனியாக ஒரு பாதையில் வரிசையாக நிறுத்துவோம். அதைச் சிக் லைன் என்போம். வேகன்களுக்கான ஆஸ்பத்திரி வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவது, அது கழன்றுவிடாமல் இரும்புப் பின் போடுவது, வளைந்த இரும்பு பீமை நிமிர்த்துவது எல்லாம் அங்கேதான். பாதி வேலை வேகனுக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை.

அதில்தான் ஆபத்து. வேகன்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஒரு முனையில் இன்ஜின் வந்து லேசாக முட்டினாலும் மறுமுனை வரைக்கும் எல்லாம் ஒரு அடி நகரும். அடியில் படுத்திருக்கிறவனுக்கு அந்த ஒரு அடி போதும். ஆகவே வேலை நடக்கும்போது இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி நட வேண்டும். இன்ஜின் உள்ளே வர முடியாதபடி பாதையைப் பூட்ட வேண்டும். அந்தச் சாவி எங்கள் பெரிய சாரின் சட்டைப் பைக்குள் இருக்கும்.

பெரிய சார் என்றால் ராமலிங்கம் சார். டிப்போவுக்குப் பொறுப்பான சீனியர் இன்ஜினீயர். கும்பகோணத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாதி வாக்கியம்தான் பேசுவார், மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் கொடி நடும் வரைக்கும் டீ குடிக்க மாட்டார். நட்ட கொடியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் வரிசை நெடுகிலும் நடந்து ஒவ்வொரு வேகனையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே போவார். கொடியை எடுப்பதும் அவர் மட்டும்தான். மேஸ்திரியாக இருந்த என்னைக்கூடத் தொட விடமாட்டார். "எடுக்கறது நான். கேள்வி வந்தா எனக்குத்தான் வரணும்" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. மனுஷன் ஒரு நாளும் யாரையும் பாராட்டியதில்லை. ஆனால் அவர் கொடி நட்ட பாதையில் நான் கண்ணை மூடிக்கொண்டு படுப்பேன்.

துண்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்தது அவர்தான். அதற்கு முன்னால், கொடியை எடுக்கும்போது, "யாராவது உள்ளே இருக்கீங்களா?" என்று கூவிக்கொண்டே நடப்பது வழக்கம். பக்கத்து ஆலையில் கல் அரைக்கும் இயந்திரம் ஓடினால் அந்தக் கூவல் கூவுகிறவர் காதுக்கே கேட்காது. குனிந்து பார்த்தாலும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் படுத்திருக்கிறவன் கண்ணில் பட மாட்டான். ஒரு தடவை கூவி முடித்துக் கொடியில் கை வைத்த பிறகு ஒருவன் அடியிலிருந்து ஊர்ந்து வந்தான். சார் கொடியிலிருந்து கையை எடுத்தார். முகம் வெளுத்துப்போனது. மறுநாள் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்.

"உள்ள போறவன் தன் துண்ட வேகன் கைப்பிடியில தொங்க வுடணும். வெளிய வந்தா எடுத்துக்கணும். அவன் துண்ட அவன்தான் தொடணும். ஒரு துண்டு தொங்குனாலும் கொடி எறங்காது. போங்க."

இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் எங்களுக்குப் பிடித்துப்போனது. வேர்வை துடைக்க எல்லாருடைய தோளிலும் துண்டு கிடக்கும். நாளடைவில் தூரத்திலிருந்து பார்த்தே எந்த வேகனுக்கு அடியில் யார் என்று சொல்லிவிடுவோம். பச்சைக் கட்டம் என்றால் ஜபருல்லா. சாயம் போன காவி என்றால் செல்வராசு. என்னுடையது ஓரம் கிழிந்த சிவப்பு. "மேஸ்திரி துண்ட மாடுகூட தின்னாது" என்று செல்வராசு கிண்டல் செய்வான்.

இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஜபருல்லா லப்பைக்குடிக்காட்டுக்காரன். அண்ணன் தம்பிகள் எல்லாரும் துபாயிலும் சவுதியிலும் இருந்தார்கள். இவன் ஒருவன்தான் ரயில்வே வேலை என்று ஊரோடு தங்கிவிட்டான். செல்வராசு செந்துறைப் பக்கம். மானாவாரி நிலத்தில் கடலை போட்டு, அதை வறுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். கல்யாணமாகி ஒரு பையன், நடக்கப் பழகிய வயசு. இரண்டு பேரும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். நோன்பு மாதத்தில் ஜபரின் கண்ணில் படாமல் மறைவில் போய்ச் சாப்பிடுவான் செல்வராசு. "நீ இப்படி ஒளிஞ்சு தின்னாத்தான்டா எனக்கு அதிகமாப் பசிக்கிது" என்று ஜபர் சிரிப்பான்.

செல்வராசுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் போட்ட பின்களை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி ஒரு தடவை போய்ப் பார்ப்பான். "பசியோட பாத்த கண்ணு வேற, தின்னுட்டுப் பாக்குற கண்ணு வேற அண்ணே" என்பான். எல்லா நாளும் போக மாட்டான். மற்ற நாட்களில் கொட்டகையில் சாக்கு விரித்துக் குட்டித் தூக்கம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, பெரிய சார் தன் கைக்காசில் எங்கள் எல்லாருக்கும் புதுத் துண்டு வாங்கி வந்தார். வெள்ளை, நீலக் கரை. நல்ல கனமான துண்டு. பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்த கையோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஜபருக்கும் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பழைய துண்டுகள் அடுப்புத் துடைக்கப் போயின. மறுநாள் சிக் லைனில் வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகள் தொங்கியபோது, பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டோம். எது யாருடையது என்று இனிமேல் தெரியாதே என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. இத்தனை கவனமான அந்த மனுஷனுக்கும் தோன்றவில்லை.

அது நடந்தது அதற்கு அடுத்த வாரம். ஆலையில் வேகன் கேட்டு அவசரப்படுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்திலேயே இன்ஜின் வந்து வெளியே நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் வேலை எல்லாம் முடிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த பெரிய சார் வரிசையின் ஒரு பக்கமாகப் போனார், மறுபக்கமாகத் திரும்பி வந்தார். ஒரு கைப்பிடியிலும் துண்டு இல்லை. பூட்டைத் திறந்தார், கொடியை எடுத்தார், இன்ஜினுக்குக் கை காட்டினார்.

நான் கொட்டகையில் இருந்தேன். வேகன்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு ஓடிற்று. தினமும் கேட்கிற சத்தம்தான். அலறல் எதுவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, இன்ஜினோடு வந்த, வேகன்களைக் கோத்துவிடும் ஷன்டிங் ஆள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். பார்த்ததை நான் எழுதப்போவதில்லை. செல்வராசு அங்கேயே முடிந்திருந்தான். அவன் கையில் சின்னச் சுத்தியல் அப்படியே இருந்தது. பெரிய சார் சுருட்டிய கொடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் கையிலிருந்து அதை வாங்க நான் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு உடலை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது டிப்போ முழுக்க ஒரே பேச்சு. துண்டு போடாமல் உள்ளே போயிருக்கிறான், இப்படியா ஒருத்தன் மறப்பான்! நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் ஜபர் என்னைத் தேடி வந்தான். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

"மேஸ்திரி, எங்கிட்ட ரெண்டு துண்டு இருக்கு."

எனக்குப் புரியவில்லை. "அதனால என்னடா?"

"இது இப்பக் கொழாயடியில கெடந்துச்சு. இதுதான் என்னுது. சாப்புடறதுக்கு முன்ன கை கழுவயில அங்க வச்சுட்டு மறந்துட்டேன் போல. சாப்புட்டு எந்திரிச்சுப் பாத்தா தோள்ல இல்ல. காலைல வேகன்ல தொங்க வுட்டது அங்கியே இருக்கும்னு போனேன். அதே வேகன், அதே கைப்பிடி, இருந்துச்சு. எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். செல்வராசு கொட்டகையில படுத்திருக்கான்னு நெனச்சேன் மேஸ்திரி. அல்லாவே, அவன் பின்னுங்களப் பாக்க உள்ள போயிருந்திருக்கான். நான் எடுத்தது அவன் துண்டு."

இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் நீலக் கரை. பழைய பச்சைக் கட்டமும் காவியுமாக இருந்திருந்தால் குருடன்கூட மாற்றி எடுத்திருக்க மாட்டான்.

இருவரும் பெரிய சார் அறைக்குப் போனோம். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஜபர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். விசாரணையில் சொல்லிவிடுகிறேன், போலீசிலும் சொல்கிறேன் என்றான். சார் முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரே மாதிரி துண்டு வாங்குனது யாரு?"

"நீங்கதான் சார்."

"கொடிய எடுத்தது?"

"நீங்கதான் சார்."

"அப்ப இவன் எதுக்கு நடுவுல வரணும்? சொன்னா இவன உள்ள வைப்பாங்க. போனவன் வரப்போறதில்ல. நான் இருக்கற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினோம். அன்றைக்கு அவர் எனக்குப் பெரிய மனுஷனாகத் தெரிந்தார். காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் சட்டப் புத்தகத்தில் இல்லாத துண்டுப் பழக்கம் எதற்கு என்று குடைந்தார்கள். "என் ஏற்பாடு சார். அடியில பாக்காம கொடிய எடுத்தது என் தப்பு. தண்டனை எனக்குத்தான்" என்றார் பெரிய சார். செத்தவர் துண்டு போட்டிருந்தாரா என்று கேட்டார்கள். "நான் நடந்தப்ப ஒரு துண்டும் இல்ல" என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த உண்மையைத்தான் இன்றைக்கு வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சாரின் பதவியை இறக்கித் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். ஜபர் தப்பித்தான். துண்டு இல்லை என்ற சொல்லுக்குச் செல்வராசு போடவில்லை என்று எல்லாரும் அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனைக் காப்பாற்றியாயிற்று. செத்தவன் பெயரைக் காப்பாற்ற ஆள் இல்லை. அப்புறம் வந்த அதிகாரிகள் அதையே பாடமாக்கினார்கள். பின்னால் துண்டுக்குப் பதிலாகத் தொங்கவிட ஆளுக்கொரு எண் போட்ட தகடு வந்தது, துண்டுப் பழக்கம் போனது. பாடம் மட்டும் போகவில்லை.

அமுதாவுக்கு வாரிசு வேலை இங்கேயே கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "அண்ணே, அவரு நெசமாவே மறந்துட்டாரா? வூட்டப் பூட்டிட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற மனுசன் அண்ணே."

"யாரும் கண்ணால பாக்கல தாயி" என்றேன். சார் எங்கள் வாயில் போட்ட பூட்டு அப்படி. அவளும் அப்புறம் கேட்கவில்லை. ஜபர் அவளுக்குக் கனமான சாமான்களைத் தூக்கிக் கொடுப்பான், அவள் வேலையையும் சேர்த்துச் செய்வான். அதற்கும் டிப்போவில் ஒரு கதை கட்டினார்கள். அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போய்விடக் கூடாதே என்று அதையும் நிறுத்திக்கொண்டான். துபாய்க்கே போய்விடு என்று அண்ணன்கள் விசா அனுப்பினார்கள். போக மாட்டேன் என்றுவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெரிய சார் போன வருஷம் காலமானார். நானும் ஜபரும் கும்பகோணம் போய் மாலை போட்டோம். அங்கேயே அவனிடம் இதைப் பேசியிருக்கலாம், தள்ளிப்போட்டேன். புதுக் கொட்டகை திறந்த அன்று, அந்த வகுப்பைக் கேட்ட பிறகு, யார்டுக்குப் போய் ஜபரைக் கூப்பிட்டேன். அவனுக்கும் தாடி நரைத்துவிட்டது, அடுத்த வருஷம் ஓய்வு.

"சார் போயிட்டாரு. இனிமே யாருக்குடா அந்தச் சத்தியம்?" என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் கூட வந்தான். அமுதா பழைய கொட்டகைக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஜபர் நின்றபடியே சொன்னான். ஒன்றையும் குறைக்கவில்லை, தனக்கு வசதியாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. செல்வராசு துண்டு போட்டிருந்தான், எடுத்தவன் நான் என்று முடித்தான். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடினாள். ஜபர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவரு மறக்கல."

"இல்லம்மா."

"துண்டு போட்டுட்டுத்தான் உள்ள போனாரு."

"ஆமாம்மா."

"என் பையன் சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பென்சில மறந்துட்டு வருவான், டிபன் பாக்ஸ மறந்துட்டு வருவான். அப்பல்லாம் அடிப்பேன் பாய். கைக்குக் கெடச்சத எடுத்து அடிப்பேன். ஒங்கப்பன் புத்தி ஒனக்கும் வந்துருச்சாடா, அவரு மாதிரி நீயும் மறந்துட்டு என்னத் தெருவுல வுட்டுட்டுப் போவியாடான்னு சொல்லிச் சொல்லி அடிப்பேன். இப்ப வளந்துட்டான். அப்பன் படத்த ஊட்டுல மாட்ட வுடமாட்டேங்குறான். அலட்சியமாச் செத்தவனுக்கு எதுக்கு மாலைங்குறான். அத நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

ஜபர் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாது. ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க. அவன் முன்னாடி உக்காந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பானாம். நானும் ஜபரும் அரியலூரில் செந்துறை பஸ் ஏறுகிறோம்.